கற்பூரத்தட்டு யார் முன்னால் நீண்டது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு அறுபத்தெட்டு வயது. சாட்ஸ்வொர்த்தில் மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தியோடு இருக்கிறேன். போன மாதம் மகன் டிவியில் ஒரு தமிழ்த் தொடர் போட்டுக்கொடுத்தான். மொத்தம் எட்டுப் பகுதி. சின்ன வயதில் சித்தப்பா தன்னிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று ஒரு பெண் வீட்டில் சொல்கிறாள். யாரும் நம்பவில்லை. ஆறாம் பகுதியில் அம்மாக்காரி அவளைக் கன்னத்தில் அறைகிறாள். அதோடு டிவியை நிறுத்திவிட்டேன். அதே அறையை நானும் கொடுத்திருக்கிறேன்.

1997இல் என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. என் தம்பி எங்கள் அவுட்பில்டிங்கில் குடியிருந்தான். என் வீட்டுக்காரருக்குத் துணி ஃபேக்டரியில் வேலை போய்விட்டது. லைட் பில், சாப்பாடு எல்லாம் தம்பி சம்பளத்தில்தான். மகள் வந்து அவனைப் பற்றிச் சொன்னாள். நான் அடித்தேன். மறுநாள் என் அம்மா கற்பூரத்தட்டைக் கொண்டுவந்து, 'அணைத்துச் சத்தியம் பண்ணு' என்றார்கள். அவள் 'நான் சொன்னது பொய்' என்று சொல்லிவிட்டாள். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது அவள் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை செய்கிறாள். போனில் நன்றாகத்தான் பேசுவாள். தீபாவளிக்கு வரமாட்டாள். அப்பா சாவுக்கு வந்தபோதுகூடத் தோழி வீட்டில்தான் தங்கினாள். அவளே பொய் என்று சொன்ன பிறகு நான் எதை நம்புவது? இத்தனை வருஷம் கழித்துக் கிளறலாமா? போலீஸ், கோர்ட் என்று ஆகிவிடுமா? தம்பி இப்போது கோயில் கமிட்டியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருவான். பேத்தி மேல் ரொம்பப் பிரியம். தொடரில் மீதி இரண்டு பகுதியைப் பார்க்கவா, வேண்டாமா?"

அன்புள்ள அம்மா,

நீங்கள் கைப்பட எழுதிய மூன்று பக்கமும் வந்து சேர்ந்தது. உங்களை யாரும் அடையாளம் காணாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றித்தான் மேலே போட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடைசிப் பக்கத்தில், கடிதத்தை முடிக்கிற அவசரத்தில், 'பேத்தி மேல் ரொம்பப் பிரியம்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த இடத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது. பேனா அங்கே நின்றுதான் நகர்ந்திருக்கிறது. அங்கே உங்கள் மனதில் ஓடியதுதான் என் மனதிலும் ஓடியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் குழந்தை உங்கள் தம்பியோடு தனியாக ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. கடைக்குக் கூட்டிப்போவது, காரில் ஒரு ரவுண்டு அடிப்பது, பின்னறையில் உட்கார்ந்து டிவி பார்ப்பது, எதுவும் வேண்டாம். நடந்தது உண்மையா என்று உங்களுக்கு உறுதி வரட்டும், மகளிடம் பேசி முடிக்கட்டும் என்றெல்லாம் இதற்குக் காத்திருக்க முடியாது. அவர் வரவே வேண்டாம் என்று செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. உடம்பு முடியவில்லை, கொஞ்ச நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பொய்க்காக எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

மகனிடமும் மருமகளிடமும், 'பாப்பாவை மாமாவோடு தனியாக விடாதீர்கள், காரணத்தை அப்புறம் சொல்கிறேன்' என்ற அளவுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். முழுக்கதை உங்கள் மகளுடையது. அதை யாரிடம், எப்போது சொல்வது என்று அவளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் பேத்தியின் பாதுகாப்புக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பேத்தியை உட்காரவைத்து, 'மாமா உன்னைத் தொட்டாரா, எங்கே தொட்டார்' என்று துருவாதீர்கள். பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும்போது குழந்தை பயந்துபோகும், இல்லை என்றால் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். அவளாக ஏதாவது சொன்னால் கேளுங்கள். 'சொன்னதற்கு நன்றி, நீ ஒரு தப்பும் பண்ணவில்லை' என்று சொல்லுங்கள். தம்பியிடம் போய் விசாரிக்காமல், குழந்தைகளுக்கான உதவி எண் 116ஐக் கூப்பிடுங்கள். காசு கிடையாது. ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் போலீசில் உடனே சொல்லியாக வேண்டும் என்று 2007ஆம் வருஷப் பாலியல் குற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தும் மறைத்தால் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. பாட்டிக்கும் இது பொருந்தும். சமீபத்தில் ஏதாவது நடந்திருந்தால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அப்போது நேராக ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் இருக்கும் துத்துசேலா மையத்துக்குப் போங்கள். துத்துசேலா என்பது ஷோசா சொல். தேற்றுவது, ஆற்றுவது என்று அர்த்தம். டாக்டர், போலீஸ், ஆலோசகர் என்று ஒவ்வொருவரையும் தேடி அலையாமல் ஒரே இடத்தில் உதவி கிடைக்க வேண்டும் என்றுதான் இந்த மையங்களை வைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது உங்கள் மகள்.

'அவளே பொய் என்று சொன்னாளே' என்று மூன்று பக்கத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டுக்குள் இந்தக் கொடுமையை அனுபவிக்கும் குழந்தைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அதில் ஐந்தாகப் பிரித்திருந்தார். முதலில் ரகசியம். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாத நிலை. அப்புறம் மாட்டிக்கொண்டதோடு ஒத்துப்போய்விடுவது. அப்புறம் தாமதமாக, முன்னுக்குப்பின் முரணாக, கேட்பவர் நம்பமுடியாதபடி சொல்வது. ஐந்தாவது, சொன்னதையே வாபஸ் வாங்குவது. குழந்தை சொன்னதும் வீடு இடிந்து விழுவதுபோல் ஆகிறது, அம்மா அழுகிறாள், எல்லோரும் கத்துகிறார்கள். தான் வாயை மூடினால் வீடு பழையபடி நிற்கும் என்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. 'பொய் சொன்னேன்' என்று சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது உண்மையைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல என்று சம்மிட்டே பின்னால் எழுதினார். வாபஸ் வாங்கினாள் என்பதால் நடந்தது என்று ஆகிவிடாது. நடக்கவில்லை என்றும் ஆகிவிடாது. ஆகவே அந்த வாக்கியத்தை ஓரமாக வைத்துவிட்டு, மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: தீபாவளிக்கு வராத மகள். பெற்ற அப்பா சாவுக்கு வந்து, சொந்த வீடு இருக்கும்போது தோழி வீட்டில் படுத்த மகள்.

அந்தக் கற்பூரத்தட்டை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதான். எங்கள் வீட்டிலும் பித்தளைத் தாம்பாளம் இருந்தது, நகை காணாமல் போனால், சீட்டுப்பணத்தில் தகராறு வந்தால், தட்டு வெளியே வரும். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துப் பொய் சொன்னால் குடும்பம் விளங்காது என்று சின்ன வயதிலேயே எங்கள் மனதில் பதிந்துவிட்டது. பெரியவர்களுக்கே கை நடுங்கும். இப்போது அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக நின்று பாருங்கள். முந்தின நாள் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது. பாட்டி தட்டோடு நிற்கிறார்கள். அணைத்துச் சத்தியம் செய்தால், மாமா சோறு போடுகிற இந்த வீட்டில் அப்புறம் என்ன ஆகும்? 'பொய்' என்று சொன்னால் தட்டு உள்ளே போய்விடும், எல்லோரும் சாப்பிட உட்காரலாம். அவள் எதைச் சொல்லுவாள்?

அப்புறம் ஒரு கேள்வி. உங்களைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. கடிதத்தைப் படித்து முடித்ததிலிருந்து என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தத் தட்டை யாராவது உங்கள் தம்பி முன்னால் நீட்டினீர்களா?

நீங்கள் ஏன் நம்பவில்லை என்பதற்கு விடையும் கடிதத்திலேயே இருக்கிறது. தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியபோது டர்பனில் எத்தனையோ துணி ஃபேக்டரிகள் மூடின. நம் ஆட்கள் எவ்வளவோ பேர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் மகளை நம்பினால் தம்பியை அனுப்ப வேண்டும். தம்பியை அனுப்பினால் லைட் பில் கட்ட முடியாது. அம்மா சண்டை போடுவார், அக்கம்பக்கம் காரணம் கேட்கும். அவளை நம்பாமல் இருப்பது அன்றைக்கு உங்களுக்கு மலிவாக இருந்தது. முழு விலையையும் அவள் கட்டினாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்தது அப்படித்தான் என்பதற்காகச் சொல்கிறேன். 'எனக்குத் தெரியாமல் போச்சு' என்று இனிமேல் உங்களுக்கே நீங்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது.

நம்பாதது நீங்கள் மட்டும் இல்லை. இந்த நாட்டு நீதிமன்றங்களிலேயே பாலியல் வழக்குகளில் புகார் கொடுப்பவர் சொல்வதைத் தனி எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வெகுகாலம் இருந்தது. பெண்கள் இப்படிப்பட்ட விஷயத்தில் இட்டுக்கட்டுவார்கள் என்ற நினைப்புத்தான் அதற்கு அடிப்படை. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 1998இல்தான் தூக்கி எறிந்தது. உங்கள் மகள் உங்களிடம் வந்து சொன்னது அதற்கு முந்தின வருஷம்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வந்த புதிதில், எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் 'ஏன் அப்போதே சொல்லவில்லை?' என்று கேட்டுவிட்டேன். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுபடி வரவில்லை. நீங்கள் மகளிடம் பேசும்போது தவறியும் வாயில் வரக்கூடாத கேள்வி அதுதான். உங்கள் விஷயத்தில் அவள் அப்போதே சொன்னாள், அது வேறு.

என்ன பேசுவது? முதலில் மொழி. உங்களுக்கு எண்ணுவதும் அழுவதும் தமிழ். அவளுக்கு இங்கிலீஷ். அன்றைக்கு அவள் இங்கிலீஷில்தான் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் இதற்குத் தமிழில் என்ன சொல் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். 'கெட்டுப்போயிட்டா.' 'மானம் போச்சு.' செய்தவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை. கெட்டுப்போனது பெண், போனது குடும்பத்து மானம். இந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு அவளிடம் போகாதீர்கள். அவளுக்குப் பழகின இங்கிலீஷிலேயே சொல்லுங்கள், இலக்கணம் தப்பினால் தப்பட்டும். நாலு வாக்கியம் போதும்: அன்றைக்கு நீ சொன்னதை நான் நம்புகிறேன். உன்னை அடித்தது என் தப்பு. உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. நீ இப்போது எனக்கு ஒரு பதிலும் சொல்ல வேண்டாம்.

நாலாவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். சொல்லிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். 'ஆனால் உங்கப்பாவுக்கு வேலை இல்லாத நேரம்' என்று தொடங்கக் கூடாது. 'என்னதான் நடந்தது, முழுசாச் சொல்லு' என்று கேட்கக் கூடாது. 'என்னை மன்னிச்சிடும்மா' என்று கெஞ்சவும் கூடாது. மன்னிப்புக் கேட்பது நல்லதுதானே என்பீர்கள். அவளுடைய காயத்துக்கு மருந்து போடப் போய், உங்கள் காயத்தைக் காட்டி அவளிடமே மருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். அழுகை வந்தால் போனை வைத்த பிறகு அழுங்கள், பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். அவள் கத்தலாம், சிரிக்கலாம், 'எனக்கு அதெல்லாம் ஞாபகமில்லை' என்று போனை வைத்துவிடலாம். இவ்வளவு வருஷம் தள்ளி வந்த நம்பிக்கையை அவள் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ஒரு வாரம் விட்டு, வழக்கம்போல் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

விடுமுறை, வார இறுதி மாதிரி அவளுக்கு அவசரமில்லாத நேரமாகப் பாருங்கள். மகன் வீட்டு ஹாலில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசாதீர்கள்.

அப்புறம் போலீஸ், கோர்ட். 'காலம் கடந்துவிட்டதே' என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது: கடக்கவில்லை. வல்லுறவுக் குற்றத்துக்கு முன்பே காலவரம்பு இல்லை. மற்றப் பாலியல் குற்றங்களுக்கு இருபது வருஷம் என்று ஒரு வரம்பு இருந்தது. எழுபது எண்பதுகளில் சிறுவர் சிறுமியராக இருந்தபோது தங்களுக்கு நடந்ததைச் சொல்லி எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பெரிய பணக்காரர், தீர்ப்பு வருவதற்குள் இறந்தும் போனார். ஆனாலும் வழக்கு நடந்தது. 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த இருபது வருஷ வரம்பு செல்லாது என்று சொல்லிவிட்டது. தாமதமாகப் புகார் சொன்னாள் என்ற ஒரே காரணத்தை வைத்து நீதிமன்றம் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று 2007 சட்டத்தின் 59ஆம் பிரிவும் சொல்கிறது.

அதனால் அவளுக்கு வழி திறந்திருக்கிறது. போவதும் போகாமல் இருப்பதும் அவள் இஷ்டம். வழக்குப் போடு என்று நீங்கள் தள்ளவும் வேண்டாம், 'கோயில் கமிட்டி, நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று இழுக்கவும் வேண்டாம். அவள் வழக்குப் போட நினைத்தால் அன்றைக்குக் கேட்ட சாட்சி நீங்கள்தான். சமையலறையில் அவள் என்ன சொன்னாள், நீங்கள் என்ன செய்தீர்கள், மறுநாள் தட்டு எப்படி வந்தது என்பதை, ஞாபகம் இருக்கிறபடி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அழகாக எழுத வேண்டாம். அந்த நாள் சமைத்த குழம்பு ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். உங்களுக்கே பேச ஆள் வேண்டும் என்றால் பாலின வன்முறைக்கான உதவி எண் 0800 428 428, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது உங்கள் தம்பிதான் முன்னால் நின்று ஊற்றுவார் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல மனிதன் என்பதற்கு அடையாளமாக. அவர் நல்லபடியாகக் கூழ் ஊற்றுவார், அதை நான் நம்புகிறேன். அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

கடைசியாக, தொடர். நானும் பார்த்தேன். அந்த அறை விழுகிற காட்சியில் அம்மாவாக நடித்தவர் மறு கையில் கரண்டியை விடாமல் பிடித்திருப்பார், கவனித்தீர்களா? அடித்துவிட்டுத் திரும்பிக் குழம்பைக் கிளறுவார். யார் எழுதினார்களோ, வீடு தெரிந்தவர்கள். ஆனால் ஏழாம் பகுதியில், கதையைச் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள், சித்தப்பாவின் பழைய போனிலிருந்து ஒரு வீடியோ கிடைக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் குடும்பம் நம்புகிறது. எட்டாம் பகுதியில் அம்மா மகள் காலில் விழுகிறாள், பின்னணியில் வயலின். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் பார்த்த எந்த வீட்டிலும் அப்படி ஒரு வீடியோ வந்து கதவைத் தட்டியதில்லை. வீடியோ வந்த பிறகு அடுத்த வீட்டுக்காரர்கூட நம்புவார், அதற்கு அம்மா எதற்கு?

பாருங்கள், தப்பில்லை. ஆனால் மகளிடம் போன் பேசிய பிறகு பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் அந்தக் காலில் விழுகிற காட்சி மனதில் ஒட்டிக்கொள்ளும், உங்களுக்கும் அப்படி ஒன்றைச் செய்யத் தோன்றும். அவள் ஜோஹன்னஸ்பர்க்கில் சமையலறையில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்துக்கு அந்த நாலு வாக்கியமே அதிகம்.